அனலாக் வீடியோவை டிஜிட்டல் சர்க்யூட்டில் படிப்பது: முதல் லைனிலிருந்து முழுப் படம் வரை

பழைய கேமரா, விசிஆர், வீடியோ கேம் பெட்டி எதுவானாலும் பின்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு மஞ்சள் சாக்கெட் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படம், அதன் மேல் பூச வேண்டிய நிறம், ஒவ்வொரு லைனும் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மூன்றும் அந்த ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. இதுதான் காம்போசிட் வீடியோ. இதை எண்களாக மாற்றி, கலந்ததைப் பிரித்து, படமாக்குவதுதான் டிஜிட்டல் டிகோடர். ஏடிசி என்றால் என்ன, ஃபில்டர் என்ன செய்யும் என்ற அளவுக்குத் தெரிந்தவர்கள், ஒரு டிகோடரைத் தாங்களே முதலில் மென்பொருளாகவும் பிறகு சர்க்யூட்டாகவும் எழுதிப் பார்க்க இந்தக் கட்டுரை உதவும். வழியில் எந்தக் கண்டுபிடிப்பு எந்தச் சிக்கலைத் தீர்த்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை முழுவதும் நேரத்தைப் பற்றியது. லைன் எப்போது தொடங்கியது, நிற அலை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் துல்லியமாகப் பிடித்துவிட்டால் மீதி எல்லாம் கூட்டல், கழித்தல், பெருக்கல்தான். புதிதாக வருபவர்கள் ஆர்வத்தில் நேராக நிறத்துக்குப் போய்விடுகிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம் ஆடாமல் அசையாமல் நிற்கும்வரை நிறத்தின் பக்கம் போகாதீர்கள்.

ஒரு லைனை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பிஏஎல் என்ற வண்ணத் தொலைக்காட்சி முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃப்ரேமுக்கு 625 லைன், விநாடிக்கு 25 ஃப்ரேம். அப்படியானால் ஒரு லைனுக்கு 64 மைக்ரோ விநாடி. 75 ஓம் முடிவு கொடுத்தால் சிக்னலின் உயரம் சுமார் 1 வோல்ட். அதில் கீழ்ப்பகுதி 300 மில்லிவோல்ட், லைனின் தொடக்கத்தைக் காட்டும் சிங்க் பல்ஸுக்கு, மேலே 700 மில்லிவோல்ட் படத்துக்கு.

லைன் தொடங்கும்போது சிக்னல் விழுகிறது. 4.7 மைக்ரோ விநாடி அடிமட்டத்தில் கிடந்துவிட்டு, படத்தின் கறுப்பு மட்டத்துக்கு ஏறுகிறது. சிங்க் தொடங்கிய 5.6 மைக்ரோ விநாடியில் ஒரு சின்ன அலைத்தொகுப்பு வரும்: 10 சுற்று, 4.43361875 மெகாஹெர்ட்ஸ். அதுதான் கலர் பர்ஸ்ட். நிறத்தைப் படிக்கத் தேவையான அடையாள அலை அது மட்டுமே; அதை விட்டால் அந்த லைனில் வேறு துப்பு கிடையாது. 10.5 மைக்ரோ விநாடியில் படம் தொடங்கி 52 மைக்ரோ விநாடி ஓடுகிறது.

என்டிஎஸ்சி என்ற இன்னொரு முறையில் 525 லைன், லைன் அதிர்வெண் 15,734 ஹெர்ட்ஸ், நிற அலை 3.579545 மெகாஹெர்ட்ஸ், பர்ஸ்ட் 9 சுற்று. இந்த எண்களை ஏனோதானோ என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. என்டிஎஸ்சியில் ஒரு லைனுக்குச் சரியாக 227.5 நிற அலைகள்; அந்த அரை அலைக்காகவே மொத்தக் கணக்கும் போடப்பட்டது. அதன் பலன் பின்னால் வரும்.

செகாம் என்ற மூன்றாவது முறையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதில் நிறம் அதிர்வெண் மாற்றமாக, ஒரு லைனுக்கு ஒரு நிற வேறுபாடு என்ற கணக்கில் வருகிறது. டிகோடரின் பின்பாதி முழுக்க வேறாகிவிடும்.

கிளாக்கை எதோடு பூட்டுவது?

ஏடிசிக்கு ஒரு கிளாக் வேண்டும். எந்த கிளாக் என்ற கேள்விக்கு வந்த பதில்களை வைத்தே இந்தத் துறையின் கண்டுபிடிப்புகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்துவிடலாம்.

முதல் குடும்பம் நிற அலையின் நான்கு மடங்கில் ஓடும் கிளாக். 1980களின் தொடக்கத்தில் ஃப்ரைபுர்க் நகரின் ஐடிடி இன்டர்மெட்டால் கொண்டுவந்த டிஜிட் 2000 சிப் தொகுப்பு இந்த வழியில் போனது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வீடியோவை எண்களாகக் கையாண்ட முதல் சிப்புகள் அவை. இந்த வழியின் அழகு என்னவென்றால், ஒவ்வொரு நிற அலைக்கும் சரியாக நான்கு சாம்பிள் விழும். 0, 90, 180, 270 பாகையில் சைன் மதிப்பு 0, 1, 0, −1 தான். நிறத்தைப் பிரிக்கப் பெருக்கியே தேவையில்லை. குறியை மாற்றினால் போதும். டிரான்சிஸ்டர் எண்ணிக்கை நெருக்கிய காலத்தில் இது பெரிய மிச்சம். ஆனால் பிஏஎல்லில் ஒரு லைனுக்கு 1135 சாம்பிளும் மீதி ஒரு துளியும் வருகின்றன, ஃப்ரேமுக்கு 709,379. முழு எண்ணாக வகுபடாததால் பிக்சல்கள் லைனுக்கு லைன் மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.

இரண்டாவது குடும்பம் லைனோடு பூட்டிய கிளாக். பிலிப்ஸ் சிப்புகள் இந்தப் பாதையில் வந்தவை. 1982இல் வந்த சிசிஐஆர் 601 பரிந்துரை 13.5 மெகாஹெர்ட்ஸைப் பொது அளவாக வைத்ததும் இதற்குத் தோதாக அமைந்தது: பிஏஎல் லைனுக்கு 864 சாம்பிள், என்டிஎஸ்சி லைனுக்கு 858, இரண்டிலும் படத்துக்கு 720. பிக்சல்கள் நேர்கோட்டில் நிற்கும். நிற அலையைத்தான் தனியாகத் துரத்த வேண்டும்.

மூன்றாவது குடும்பத்தில் கிளாக் எதோடும் பூட்டப்படுவதில்லை. ஒரு சாதாரண கிரிஸ்டல் தன்பாட்டில் ஓடும். சாம்பிள்கள் எங்கே விழ வேண்டியிருந்ததோ அந்த இடத்தின் மதிப்பைக் கணக்கிட்டு இட்டுக்கொள்வது ஃபில்டரின் வேலை. ப்ரூக்ட்ரீயின் பிடி848 கேப்சர் சிப்பில் இருந்த அல்ட்ராலாக் இந்த வகை. புதியவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். அனலாக் பக்கம் பூட்டுச் சர்க்யூட் எதுவும் இல்லை, எல்லாச் சிக்கலும் எண்களுக்குள் வந்துவிடுகிறது, எண்களைப் பதிவு செய்து எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம்.

காப்புரிமை ஆவணங்களைத் தேடிப் படிக்க நினைத்தால், சர்வதேச வகைப்பாட்டில் எச்04என் 5/08 சிங்க் பிரிப்புக்கு, எச்04என் 9/66 நிறம் பிரித்தெடுப்புக்கு, எச்04என் 9/78 ஒளியையும் நிறத்தையும் பிரிப்பதற்கு. ஒரு காப்புரிமைக்குப் பொதுவாகத் தாக்கல் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுதான் ஆயுள் என்பதால் 1980கள், 90களில் தாக்கலானவை காலாவதியாகிவிட்டன. தைரியமாகப் படித்துப் பயன்படுத்தலாம். படிக்கும்போது உரிமைக்கோரல்களில் தொடங்காதீர்கள், தலை சுற்றும். முதலில் படங்களைப் பாருங்கள், பிறகு முந்தைய முறையின் குறை என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அந்த ஒரு பத்தியில் பாதி பாடம் இருக்கும்.

ஒரு ஃப்ரேமைக் கோப்பில் பிடியுங்கள்

75 ஓம் மின்தடையில் முடித்து, 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ஏடிசிக்குக் கொடுங்கள். அதற்கு முன் சுமார் 6 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் ஒரு ஃபில்டர் அவசியம். இல்லையென்றால் மேலே உள்ள இரைச்சல் மடிந்து படத்துக்குள் வந்து உட்காரும், பிறகு எந்தக் கணக்காலும் எடுக்க முடியாது. 8 பிட்டில் வேலை நடக்கும், 10 பிட் இருந்தால் நிம்மதி. நிறம் முழுச் செறிவில் இருக்கும்போது பிஏஎல் சிக்னல் அடியிலிருந்து உச்சிவரை 1.23 வோல்ட் தொடும் என்பதால் ஏடிசியின் வீச்சை 1 வோல்ட்டுக்குக் கச்சிதமாக வைக்காதீர்கள். மஞ்சளும் சியானும் தலை வெட்டுப்பட்டு வரும்.

ஆழமான மெமரி உள்ள ஆஸிலோஸ்கோப் இருந்தால் அதுவே போதும். 13.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு பிஏஎல் ஃப்ரேம் 540,000 சாம்பிள்தான். மலிவான ஆர்டிஎல் வகை ரேடியோ ரிசீவர்கள் விநாடிக்கு 32 லட்சம் சாம்பிளுக்கு மேல் தருவதில்லை. அதில் மங்கலான கறுப்பு வெள்ளை கிடைக்கும், நிறம் கிடைக்காது.

கீழே தரும் எண்கள் எல்லாம் 13.5 மெகாஹெர்ட்ஸில் எடுத்த பிஏஎல் பதிவுக்கானவை. ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 74 நானோ விநாடி.

சிங்க்: இங்கே அவசரப்படாதீர்கள்

சிக்னலை முதலில் ஒரு தாழ்நிலை ஃபில்டர் வழியாக விட்டு நிற அலையை அகற்றுங்கள். கிடைப்பதில் மிகத் தாழ்ந்த மட்டம் சிங்க்கின் அடி. பல்ஸ் முடிந்த பிறகு வரும் தட்டையான மட்டம் கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, சிக்னல் அந்தக் கோட்டைக் கீழ்நோக்கிக் கடக்கும் இடத்தை லைனின் தொடக்கமாகக் கொள்ளுங்கள்.

கடந்தது எந்தச் சாம்பிளில் என்று மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. நடுக்கோடு 112 என்று வையுங்கள். ஒரு சாம்பிள் 132, அடுத்தது 72. கோட்டைக் கடந்த இடம் முதல் சாம்பிளுக்குப் பிறகு 20/60, அதாவது 0.33 சாம்பிள் தள்ளி. இந்தப் பின்னத்தைக் கடைசிவரை கூடவே கொண்டுபோங்கள். முழு எண்ணாக்கிவிட்டால் படத்தில் நேரான கம்பம் ரம்பப் பல்லாகத் தெரியும்.

அடுத்து, இரைச்சலில் பொய் விளிம்புகள் வரும். கிடைத்த ஒவ்வொரு விளிம்பையும் நம்பாமல், அடுத்த விளிம்பு 864 சாம்பிள் தள்ளித்தான் வரும் என்று ஒரு கணிப்பை ஓடவிடுங்கள். வந்த விளிம்புக்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு சிறு பங்கை, எட்டில் ஒன்று என்று தொடங்கலாம், கணிப்பில் சேருங்கள். கணிப்பு நேரத்தைச் சுற்றிய ஒரு சிறு சாளரத்துக்கு வெளியே வரும் விளிம்பைக் கண்டுகொள்ளாதீர்கள். பழைய பெட்டிகளில் ஃப்ளைவீல் என்று காயிலும் கெபாசிட்டரும் செய்த அதே வேலையை இங்கே ஒரு அக்யூமுலேட்டரும் (கூட்டிய தொகையைத் தேக்கி வைக்கும் பதிவேடு) ஒரு கூட்டியும் செய்கின்றன.

செங்குத்து சிங்க் எளிது. ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு லைன் விட்டு ஒரு லைனாக இரண்டு பாதிகளில் வருகிறது; அந்தப் பாதிதான் ஃபீல்டு. ஒவ்வொரு ஃபீல்டும் தொடங்கும்போது 27.3 மைக்ரோ விநாடி நீளமுள்ள ஐந்து அகலப் பல்ஸ்கள் வரும். சிக்னல் நடுக்கோட்டுக்குக் கீழே இருக்கும்போது ஏறவும் மேலே இருக்கும்போது இறங்கவும் ஒரு கவுண்டர் வைத்தால், சாதாரண சிங்க்கில் அது தலைதூக்காது, அகலப் பல்ஸில் மட்டும் எகிறும். அந்தப் பல்ஸ் வரிசை லைனின் தொடக்கத்தில் வந்ததா நடுவில் வந்ததா என்று பார்த்தால் எந்த ஃபீல்டு என்றும் தெரிந்துவிடும்.

மட்டம் சரிசெய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பர்ஸ்ட் இருக்கும் பகுதியின் சராசரியை எடுத்தால் அலை தானே அடிபட்டுக் கறுப்பு மட்டம் கிடைக்கும்; அதைக் கழியுங்கள். சிங்க்கின் உயரம் 300 மில்லிவோல்ட்டாக இருக்க வேண்டும் என்ற கணக்கில் மொத்தத்தையும் பெருக்குங்கள். இரண்டையும் பல லைன்களுக்குச் சராசரி எடுத்துச் செய்யுங்கள். இப்போது ஃப்ரேமைத் திரையில் இட்டால் நிலையான கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கும். நிறமுள்ள இடங்களில் பொடிப் புள்ளிகள் ஊரும். அந்தப் புள்ளிகள்தான் நிறம்.

பர்ஸ்ட்டைப் பிடித்தல்

இனி 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையை நீங்களே உருவாக்கி, அதை பர்ஸ்ட்டோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். டிஜிட்டலில் அலை உருவாக்குவது வியப்பூட்டும் அளவுக்கு எளிது. 32 பிட் அக்யூமுலேட்டர் ஒன்று. ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதில் ஒரு நிலையான எண்ணைக் கூட்டுங்கள். நிரம்பி வழிந்தால் வழியட்டும். ஒரு முறை வழிவது ஒரு முழு அலை. பிஏஎல்லுக்கு அந்த எண் 4433618.75-ஐ 13500000-ஆல் வகுத்து 2-இன் 32-ஆம் அடுக்கால் பெருக்கியது: 1,410,536,854. அந்த எண்ணில் 1 கூட்டினால் அதிர்வெண் 0.003 ஹெர்ட்ஸ் மாறும். காயிலைத் திருகி இந்தத் துல்லியத்தை யாராலும் எட்ட முடியாது.

அக்யூமுலேட்டரின் மேல் பிட்களை வைத்து அட்டவணையிலிருந்து சைனும் கொசைனும் எடுங்கள். பர்ஸ்ட் பகுதியில் சுமார் 30 சாம்பிள் இருக்கும். அவற்றைச் சைனால் பெருக்கிக் கூட்டினால் ஒரு எண், கொசைனால் பெருக்கிக் கூட்டினால் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் அலைக்கும் பர்ஸ்ட்டுக்கும் இடையே உள்ள கோணம் வந்துவிடும். அதில் ஒரு சிறு பங்கைக் கூட்டும் எண்ணிலும் இன்னொரு பங்கை அக்யூமுலேட்டரிலும் திருத்துங்கள். சில பத்து லைன்களுக்குள் பூட்டு விழுந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி எல்லோரையும் கூப்பிடும்: லைனுக்கு லைன் சிங்க் விளிம்பில் அக்யூமுலேட்டரைப் புதிதாகத் தொடங்கிவிட்டால் என்ன? செய்யாதீர்கள். ஒரு சாம்பிள் இடைவெளியில் நிற அலை 118 பாகை சுழன்றுவிடுகிறது. சிங்க்கைப் பத்தில் ஒரு சாம்பிள் தவறாக அளந்தாலே 12 பாகை போய்விடும், முகத்தின் நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். அக்யூமுலேட்டர் ஃப்ரேம் முழுவதும் அறுபடாமல் ஓட வேண்டும்.

பிஏஎல்லில் இன்னொரு திருப்பம் உண்டு. டெலிஃபுன்கனில் வால்டர் ப்ரூக் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த முறை, நிறத்தின் யூ, வி என்ற இரு கூறுகளில் வி கூறை ஒரு லைன் விட்டு ஒரு லைன் தலைகீழாக்கி அனுப்புகிறது. எந்த லைன் தலைகீழ் என்று சொல்வதும் பர்ஸ்ட்தான்: அது 135 பாகையிலும் 225 பாகையிலும் மாறி மாறி வருகிறது. ஆகவே ஒரு லைனின் கோணத்தை வைத்துத் திருத்தக் கூடாது. இரண்டு லைன் சராசரி 180 பாகை வரும்படி பூட்டுங்கள்; மீதியுள்ள 45 பாகை ஆட்டம் எந்தப் பக்கம் என்பதே வி கூறின் குறி.

பர்ஸ்ட்டின் உயரத்தையும் அளந்து வையுங்கள். நிறச் செறிவை அதற்கேற்பச் சரிசெய்யலாம். உயரம் மிகச் சிறிதாகிவிட்டால் நிறத்தையே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வண்ண இரைச்சல் தெளிக்கும்.

ஒளி வேறு, நிறம் வேறு

இந்த ஒரு கட்டத்துக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கண்டுபிடிப்புகள் குவிந்திருக்கின்றன. நியாயமும்தான், ஏனென்றால் இதற்கு முழுமையான விடை கிடையாது. ஒளி, அதாவது கறுப்பு வெள்ளைப் படம், நிறம் இரண்டும் ஒரே அலைவரிசையில் கிடக்கின்றன.

முதலில் சாதாரண வெட்டு ஃபில்டர் போடுங்கள். 4.43 மெகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ளதை நிறம் என்று எடுத்து, மீதியை ஒளி என்று வையுங்கள். படம் சற்று மங்கும், பொடிக் கோடு போட்ட சட்டையில் வானவில் தெரியும். ஆனாலும் எல்லா ஸ்டேஜும் வேலை செய்கிறதா என்று சோதிக்க இது போதும். இதை வைத்தே முழு டிகோடரையும் முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

பிறகு கோம்ப் ஃபில்டர். என்டிஎஸ்சியின் 227.5 இங்கேதான் கைகொடுக்கிறது. அடுத்தடுத்த லைன்களில் நிற அலை நேர் எதிராக வருவதால், இரண்டையும் கூட்டினால் நிறம் அடிபட்டு ஒளி மிஞ்சும், கழித்தால் ஒளி அடிபட்டு நிறம் மிஞ்சும். பிஏஎல்லில் லைனுக்கு 283.75 அலையும் ஒரு சிறு கூடுதலும். அடுத்த லைனோடு பொருந்தாது. இரண்டு லைன் தள்ளிப் பார்த்தால் 567.5, அரை அலை கிடைக்கிறது, வி கூறின் குறியும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே பிஏஎல்லுக்கு இரண்டு லைன் நினைவகம் வேண்டும். அன்று 64 மைக்ரோ விநாடித் தாமதத்துக்குக் கண்ணாடித் துண்டுக்குள் ஒலியலையை ஓடவிட்டார்கள். இன்று 864 எண்களைச் சேமித்தால் அதே தாமதம், எந்தச் சூட்டிலும் மாறாமல்.

மேல் லைனும் கீழ் லைனும் ஒரே மாதிரி இருந்தால்தான் இந்தக் கழித்தல் செல்லும். சிவப்பு முடிந்து நீலம் தொடங்கும் கிடைமட்ட விளிம்பில் அது தவறி, புள்ளிகள் வரிசையாகத் தொங்கும். அதனால் நல்ல டிகோடர்கள் மேலே உள்ள லைன், கீழே உள்ள லைன் இரண்டில் எது நடுலைனோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் பார்த்து அந்தப் பக்கம் சாய்கின்றன. இரண்டும் ஒத்துவராவிட்டால் வெட்டு ஃபில்டருக்குத் திரும்புகின்றன. எச்04என் 9/78 வகையைப் புரட்டினால், எப்போது எதை நம்புவது என்ற இந்த ஒரே கேள்விக்கு எத்தனை விதமான பதில்கள் என்று பார்க்கலாம். அசையாத காட்சிகளுக்கு முந்தைய ஃப்ரேமோடு ஒப்பிடும் முறையும் உண்டு: என்டிஎஸ்சிக்கு ஒரு ஃப்ரேம், பிஏஎல்லுக்கு இரண்டு. அசைவைக் கண்டுபிடிக்கும் சர்க்யூட் சறுக்கினால் பேய் நிழல் விழும். அதைக் கடைசியில் முயலுங்கள்.

நிறத்தை வெளியே எடுத்தல்

பிரித்த நிற அலையை உங்கள் சைனால் பெருக்கி 1.3 மெகாஹெர்ட்ஸ் தாழ்நிலை ஃபில்டர் வழியாக விட்டால் யூ கூறு, கொசைனால் பெருக்கி அதே ஃபில்டரில் விட்டால் வி கூறு. அலையை அலையால் பெருக்கியதால் உயரம் பாதியாகியிருக்கும், இரண்டால் பெருக்குங்கள். பிஏஎல்லில் மாற்று லைன்களில் வி-யின் குறியைத் திருப்புங்கள். முந்தைய லைனோடு சராசரி எடுத்தால் வழியில் நேர்ந்த கோணப் பிழை நிறத்தை மாற்றாமல் செறிவை மட்டும் சற்றுக் குறைக்கும். 20 பாகை பிழைக்கு 6 சதவீதம்தான் இழப்பு. ப்ரூக்கின் யோசனையின் பலன் முழுதாகத் தெரிவது இங்கேதான்.

பிறகு, சிவப்பு = ஒளி + 1.140 வி. நீலம் = ஒளி + 2.032 யூ. பச்சை = ஒளி − 0.395 யூ − 0.581 வி. ஃபில்டர்கள் ஏற்படுத்திய தாமதத்துக்குச் சமமாக ஒளியையும் தாமதப்படுத்த மறக்காதீர்கள். மறந்தால் உதட்டின் சிவப்பு கன்னத்துக்குத் தள்ளிப்போகும்.

சரிபார்க்க வண்ணப்பட்டைச் சிக்னலை ஓட்டி, யூ-வைக் கிடைமட்டத்திலும் வி-யைச் செங்குத்திலும் வைத்துப் புள்ளி வரையுங்கள். ஆறு கொத்துகள் தெரிய வேண்டும்: சிவப்பு 104 பாகை அருகே, பச்சை 241, நீலம் 347, மஞ்சள் 167, சியான் 284, மெஜந்தா 61. எல்லாக் கொத்தும் ஒரே அளவு திரும்பியிருந்தால் பர்ஸ்ட் குறிப்புக் கோணம் தவறு. ஒவ்வொரு கொத்தும் வில்லாக இழுபட்டிருந்தால் பூட்டு ஆடுகிறது. ஒவ்வொரு கொத்துக்கும் கிடைமட்ட அச்சின் மறுபுறம் ஒரு பிரதிபலிப்பு இருந்தால் வி-யின் குறி மாறவே இல்லை. படத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இந்த ஒரு வரைபடம் பத்து மடங்கு வேகமாகப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

மென்பொருளிலிருந்து சர்க்யூட்டுக்கு

பைத்தானில் எழுதியது சரியாக ஓடிய பிறகு எஃப்பிஜிஏவுக்கு, அதாவது நாம் விரும்பும் சர்க்யூட்டை உள்ளே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்புக்கு, மாற்றுங்கள். மென்பொருளின் ஒவ்வொரு கட்டத்து வெளியீட்டையும் கோப்பாகச் சேமித்து, சர்க்யூட்டின் சிமுலேஷன் வெளியீட்டோடு எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். முதலில் மென்பொருளிலேயே தசமங்களை விட்டு முழு எண்ணுக்கு மாறிவிடுவது இந்த ஒப்பீட்டை எளிதாக்கும். இரண்டு லைன் நினைவகம் சிறிய எஃப்பிஜிஏவின் உள்ளேயே அடங்கும்; ஃப்ரேம் ஒப்பீட்டுக்கு வெளி மெமரி தேவை. கோணம் கண்டுபிடிக்க வகுத்தலும் டான்ஜென்ட்டும் வேண்டாம்: 1959இல் ஜாக் வோல்டர் விமான வழிகாட்டிக் கணினிக்காக வெளியிட்ட கார்டிக் முறை, நகர்த்தலும் கூட்டலும் மட்டுமே வைத்துக் கோணத்தைத் தந்துவிடும். செகாமுக்குப் போகும் நாளிலும் இதுவே உதவும்.

வெளியீட்டை பிடி.656 என்ற டிஜிட்டல் வீடியோ வடிவில் கொடுத்தால் பெரும்பாலான வீடியோ சிப்புகள் அப்படியே வாங்கிக்கொள்ளும். 27 மெகாஹெர்ட்ஸ், 8 பிட். ஒளி 16 முதல் 235 வரை, நிறம் 128-ஐ நடுவாகக் கொண்டு 16 முதல் 240 வரை. படப்பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் 255, 0, 0 என்ற மூன்று எண்களும் ஒரு நிலைக்குறிப்பும் சொல்லும். அதனால் படத்துக்குள் 0-வும் 255-உம் வரவே கூடாது. கடைசிக் கட்டத்தில் கண்டிப்பாக வரம்பு போடுங்கள்.

விஎச்எஸ் டேப்பைக் கடைசியில் கொடுத்துப் பாருங்கள். டேப்பில் நிறம் சுமார் 627 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பதிவாகி, ஓட்டும்போது மேலே ஏற்றப்படுகிறது. லைன் நேரம் டேப்பின் இழுவையில் ஆடும், நிற அலை ஆடாது, 283.75 என்ற உறவு அறுந்துவிடும். ஆகவே டேப் என்று தெரிந்ததும் கோம்ப் ஃபில்டரை அணைத்து வெட்டு ஃபில்டருக்கு மாறுங்கள், சிங்க் கணிப்பின் திருத்தப் பங்கை எட்டில் ஒன்றிலிருந்து பாதிக்கு ஏற்றுங்கள். படத்தின் அடியில் சில லைன்களில் வீடியோ ஹெட் மாறும் இடத்தில் நேரம் திடீரெனக் குதிக்கும். அந்தக் குதிப்பை அடுத்த ஃபீல்டு தொடங்குவதற்குள் உங்கள் கணிப்பு பிடித்துவிட வேண்டும். இதில் தடுமாறினால் எல்டி-டிகோட், விஎச்எஸ்-டிகோட் என்ற திறந்த மூலத் திட்டங்களின் நேரத்திருத்தப் பகுதியைப் படியுங்கள். உங்கள் டிகோடரிலும் அவற்றிலும் ஒவ்வொரு லைனுக்கும் கிடைத்த தொடக்க நேரத்தை ஒரே வரைபடத்தில் போட்டால், எந்த லைனில் உங்கள் கணிப்பு விலகத் தொடங்குகிறது என்பது அப்படியே தெரியும்.